ஷேக்கர் பாணிப் பக்கமேசை: பழையதைத் தெரிவதும் புதியதைச் செய்விப்பதும்

சோபாவின் கையோரத்தில் தேநீர்க் கோப்பையையும் மூக்குக்கண்ணாடியையும் வைப்பதற்கு ஒரு சிறிய மேசை தேடுபவர்களின் கண்ணில் இப்போது “ஷேக்கர்” என்ற பெயர் அடிக்கடி படுகிறது. தளபாட விளம்பரங்களில், சித்திர வேலைப்பாடு இல்லாமல் நான்கு மெலிந்த கால்களில் நிற்கும் எந்த மேசைக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள ஒரு வீட்டுக்கு இத்தகைய மேசையைத் தெரிவுசெய்பவர், பெயரை ஒருபுறம் வைத்துவிட்டு மரத்தையும் மூட்டையும் அளவையும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளுக்கு அமெரிக்கப் பழம்பொருளும் தேவையில்லை, பெட்டியில் வந்து பூட்டிக்கொள்ளும் இறக்குமதி மேசையும் தேவையில்லை; நன்கு உலர்ந்த தேக்கையோ முதிரையையோ எடுத்து, ஊரிலுள்ள ஓர் ஓடாவியாரிடம் (தச்சரிடம்) சொல்லிச் செய்விப்பதே மேல் என்பது என் கருத்து. ஆனால் அவரிடம் சரியாகச் சொல்வதற்கு, பழைய மேசைகள் எப்படிச் செய்யப்பட்டன என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய மேசைகள் எப்படிப்பட்டவை

ஷேக்கர்கள் என்போர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியிலிருந்து புறப்பட்ட ஒரு கிறிஸ்தவ சமயக் குழுவினர். ஆன் லீ என்ற பெண்ணின் தலைமையில் அவர்களில் சிலர் 1774இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். பின்னர் நியூயோர்க் மாநிலத்தின் மவுண்ட் லெபனான், மாசசூசெட்ஸின் ஹான்கொக், நியூ ஹம்ஷயரின் கன்ரபரி, கென்டக்கியின் பிளசன்ட் ஹில் முதலிய இடங்களில் அவர்களுடைய குடியிருப்புகள் எழுந்தன. திருமணம் துறந்து, சொத்தைப் பொதுவில் வைத்து, ஆணும் பெண்ணும் சமமாக நின்று நடத்திய வாழ்க்கை அது. தங்களுக்கு வேண்டிய தளபாடங்களைத் தாங்களே செய்துகொண்டார்கள். அழகுக்காக மட்டும் வைக்கப்படும் விளிம்பு வேலைப்பாடுகளையும் மேற்கட்டுகளையும் செய்யலாகாது என்று 1845இல் திருத்தி எழுதப்பட்ட அவர்களுடைய ஒழுங்குவிதிகள் கூறின. செய்த பொருளில் செய்தவர் தம் பெயரைப் பொறிக்கலாகாது என்பதும் அவ்விதிகளில் ஒன்று. பழம்பொருள் வாங்குபவரை இன்றுவரை திணறடிப்பது இந்த இரண்டாவது விதிதான்.

அந்தக் குடியிருப்புகளில் சோபாக்கள் இருக்கவில்லை என்பதையும் வாங்குபவர் மனதில் கொள்ள வேண்டும். ஆகவே சோபாவின் பக்கத்தில் வைப்பதற்கென்று அவர்கள் எதையும் செய்யவில்லை. இன்று அந்தப் பெயரில் விற்பவை உண்மையில் இரு வகைச் சிறுமேசைகளிலிருந்து வந்தவை. ஒன்று, மெழுகுவர்த்தி வைக்கும் தாங்கி: கடைந்தெடுத்த ஒற்றைத் தண்டு, அதன் அடியில் வளைந்து விரியும் மூன்று கால்கள், மேலே வட்டமான அல்லது சதுரமான பலகை. மற்றையது, தையல் முதலான கைவேலைக்குரிய சிறுமேசை: நான்கு கால்கள், பலகைக்குக் கீழே நான்கு புறமும் ஓடும் சட்டம், அதில் ஒரு லாச்சி, லாச்சிக்கு மரத்தாலான ஒரு சிறிய குமிழ். வடக்கே செரி, மேப்பிள், பைன், பேர்ச் ஆகிய மரங்களும், கென்டக்கி, ஒஹையோ பக்கத்தில் செரியுடன் வால்நட்டும் அதிகம் பயன்பட்டன. இவற்றுள் சிறந்தவை என்று மதிக்கப்படுபவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் முதல் அரைப்பகுதியைச் சேர்ந்தவை.

நான்கு கால் மேசையின் அழகு முழுவதும் காலின் சரிவில் இருக்கிறது. கால் மேலே சட்டத்தோடு சேரும் இடம்வரை சதுரமாக, ஒரே பருமனாக இறங்கும். சட்டத்துக்குக் கீழேதான் மெலியத் தொடங்கும். அந்த மெலிவும் உட்புறத்து இரண்டு முகங்களில் மட்டுமே சீவப்பட்டிருக்கும். வெளிமுகங்கள் இரண்டும் தூக்குநூல் பிடித்ததுபோல நேராக நிற்கும். அதனால் மேசை வெளியிலிருந்து பார்க்கும்போது உறுதியாகவும், கால்களுக்கு இடையே பார்க்கும்போது இலேசாகவும் தோன்றும். நான்கு முகங்களிலும் சமமாகச் சீவிய கால், அடியில் நடுவை நோக்கி ஒடுங்கி, மேசைக்கு ஒரு தள்ளாட்டத் தோற்றத்தைக் கொடுத்துவிடும். கடையில் “ஷேக்கர்” என்று சொல்லி விற்கும் மேசையில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கடைசல் பிடித்து உருட்டி மெலிவித்த கால்களையும் ஷேக்கர்கள் செய்தார்கள். அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது.

பழையதை வாங்குவதானால் புரட்டிப் பாருங்கள்

அசல் ஷேக்கர் மேசை இலங்கைக் கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வெளிநாட்டில் வாழ்ந்து ஊர் திரும்புபவர் கொண்டுவரலாம், அல்லது அங்குள்ள பிள்ளைகள் ஏலத்தில் பார்த்துவிட்டு “வாங்கி அனுப்பட்டுமா?” என்று கேட்கலாம். அத்தகைய வேளையில் மேற்பலகையின் பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மேசையைக் கவிழ்த்து, லாச்சியை முழுவதுமாக வெளியே இழுத்து, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். படம் அனுப்புபவரிடமும் இந்தப் பகுதிகளின் படத்தையே கேட்க வேண்டும்.

லாச்சியின் முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறாவால் வடிவத்தில் வெட்டிக் கோத்த பற்கள் தெரியும். கையால் வெட்டியவற்றில் ஒரு பல் மற்றதைவிட மயிரிழை அகலமாகவோ ஒடுக்கமாகவோ இருக்கும். வாள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்காகத் தச்சர் கீறிய மெல்லிய கோடு ஒன்று பக்கப்பலகையில் பற்களின் அடியோடு ஓடும். எல்லாப் பற்களும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவாக இருந்தால் அது இயந்திர வேலை. லாச்சியின் அடிப்பலகையின் ஓரங்கள் சீவி மெலிவிக்கப்பட்டு, பக்கப்பலகையிலுள்ள தவாளிப்பில் (நீளப் பள்ளத்தில்) ஆணியின்றிச் செருகப்பட்டிருக்க வேண்டும். அங்கே ஒட்டுப்பலகையைக் கண்டால், ஒன்றில் அந்த அடி மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது மேசையே புதியது.

மேற்பலகையின் அடிப்பக்கத்தில் கையை வைத்து, இழைக்குக் குறுக்காக மெதுவாகத் தடவிப் பார்த்தால், கைச்சீவுளி போன தடம் சிறு அலைகளாக விரலுக்குப் படும். சீவாமல் விட்ட இடங்களில் வாள் தடம் இருக்கலாம்: மேலும் கீழும் போன வாள் நேர்கோடுகளையும், வட்டவாள் வளைகோடுகளையும் விட்டுச்செல்லும். வளைகோட்டைக் கண்டவுடன் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஷேக்கர்கள் இயந்திரங்களை வெறுத்தவர்கள் அல்லர், வட்டவாளையும் அவர்கள் காலத்தோடு ஒட்டிப் பயன்படுத்தினார்கள். திருகாணி இருந்தால் ஒன்றைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய திருகாணிகளின் முனை பொதுவாக மழுங்கலாக இருக்கும். கூர்முனைத் திருகாணி அதற்குப் பிறகு பரவியது. தலையில் நட்சத்திரம்போலக் குறுக்குவெட்டு உள்ள திருகாணி 1930களுக்குப் பிற்பட்டது. ஒரு திருகாணியைப் பிற்காலத்தில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால், இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

வட்டப் பலகை கொண்ட தாங்கியாக இருந்தால் அளவுநாடாவே நல்ல சாட்சி. மரம் இழையின் நீளப்போக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குப்போக்கில் சுருங்கும். ஆகவே நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வட்டப் பலகை, குறுக்கே அளக்கும்போது நீளத்தைவிடச் சற்றுக் குறைந்திருப்பதே இயல்பு. இரண்டு அளவும் துல்லியமாக ஒன்றாயிருந்தால் அந்தப் பலகையின் வயதைச் சந்தேகிக்க வேண்டும். தண்டையும் கால்களையும் பழையதிலிருந்து எடுத்து, மேற்பலகையை வேறெங்கிருந்தோ பொருத்திய மேசைகளும் சந்தைக்கு வருவதுண்டு. தண்டின் அடியில் மூன்று கால்களும் சேரும் இடத்தில், கால்களின் முனை புறாவால் வடிவில் சீவப்பட்டுக் கீழிருந்து மேலாகத் தண்டுக்குள் செருகப்பட்டிருக்கும். அவை பிதுங்காதிருக்க அடியில் சிறு உலோகத் தகடு ஒன்றை அடித்திருப்பதும் உண்டு. தண்டு வெடிக்கும் இடமும் இதுவே. அங்கே பழைய பிளவு, புதுப் பசை, நிறம் மாறிய மரத்துண்டு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்.

சிவப்பு, காவி, மஞ்சள் போன்ற பழைய வண்ணப்பூச்சு மங்கி, கை படும் இடத்தில் தேய்ந்து இருந்தால் அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கி அனுப்பும்படி சொல்லிவிடாதீர்கள். அந்தப் பூச்சு போனால் பழம்பொருளின் பெறுமதியில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லாததால், எந்தக் குடியிருப்பிலிருந்து யார் கையில் மாறி வந்தது என்ற எழுத்துப்பூர்வமான வரலாறுதான் விலையைத் தீர்மானிக்கிறது. அந்த ஆவணம் இல்லாத மேசைக்கு, “நல்ல பழைய அமெரிக்க நாட்டுப்புற மேசை” என்ற விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் ஒரு தடை உண்டு. வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் வீடுகளைச் சூடேற்றுவதால் அங்கே மரத்தின் ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதம்வரை இறங்கியிருக்கும். வாவியும் கடலும் சூழ்ந்த மட்டக்களப்பில், வாடைக்கால மழையில் அதே மரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஈரத்தை உறிஞ்சும். லாச்சி இறுகும், பலகை கிண்ணம்போல வளையும். அந்தக் காரணத்தால் விலைமதிப்புள்ள ஒரு பழம்பொருளை இங்கே கொண்டுவருவதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

ஊரிலேயே கிடைக்கும் பழையவை

பழையதில் மனம் வைத்தவர்களுக்கு ஊரிலேயே வழியுண்டு. 1978 நவம்பர்ச் சூறாவளியும், போர்க்கால இடம்பெயர்வுகளும், 2004 சுனாமியும் கிழக்குக் கரையோரத்து வீடுகளின் பழைய தளபாடங்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டன. தப்பியவை இன்னும் சில வீடுகளின் பின்னறையிலும் குசினி மூலையிலும் அரிசிச் சாக்குக்கு அடியில் நிற்கின்றன. மட்டக்களப்பின் பறங்கியர் சமூகத்தில் தச்சுத் தொழில் தலைமுறைகளாக இருந்துவந்தது. பிற சமூகங்களின் ஓடாவிமாரும் முதிரையிலும் தேக்கிலும் நுட்பமாக வேலை செய்தார்கள். காலனித்துவக் காலப் பாணியில் செதுக்கலும் கடைசலும் மிகுந்த மேசைகளே கண்ணுக்கு முதலில் படும். அவற்றை ஷேக்கர் பாணி என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்கோ கோவில் மடத்துக்கோ வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கோ செய்யப்பட்ட வெறும் மேசைகளும் முக்காலிகளும் உண்டு. நேரான கால், வெற்றுச் சட்டம், மரக் குமிழ் என்று, ஷேக்கர்களைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஒருவர் அதே முடிவுக்கு வந்திருப்பார். அத்தகைய ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தால், பல அடுக்கு வார்னிஷைக் கண்டு தயங்காமல் வாங்கலாம்.

பார்க்க வேண்டியது பூச்சித் தொல்லை. கால்களின் அடியில் விரல்நகத்தால் அழுத்துங்கள். உள்ளே போனால் கறையான் வேலை நடந்திருக்கிறது. மேசையை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்துத் தட்டுங்கள். மாப்போன்ற தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மரத்தின் முற்றிய உட்பகுதியான வைரத்தில் இவை எளிதில் நுழையா. வெளிப்புற இளமரமான வெளிறு கலந்த காலில்தான் துளைகள் தெரியும். ஒரு காலில் மட்டும் இருந்தால் ஓடாவியார் அந்தக் காலை மாற்றித் தருவார். சட்டம் முழுவதும் உளுத்துப்போயிருந்தால், அதை உங்கள் மற்றத் தளபாடங்கள் இருக்கும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

கடையில் புதியதைப் பார்க்கும்போது

புதிய மேசைகளில் மூன்று தரம் கலந்து கிடக்கிறது: மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் தாள் ஒட்டியவை, இறப்பர் மரத்துண்டுகளை ஒட்டிச் செய்தவை, முழுமரத்தில் செய்தவை. எம்.டி.எஃப். மேசை தண்ணீர் படாதவரை பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். மார்கழி வெள்ளம் வாசற்படி ஏறும் ஊர்களில் அதைத் தரையில் நிற்கவைப்பது பணத்தை நனைப்பதற்குச் சமம். வெள்ளம் வராத வீட்டிலும் தினமும் தரையைத் துடைக்கும் ஈரமே காலடியை ஊதவைக்கப் போதும். இறப்பர் மரம் பதப்படுத்தப்பட்டிருந்தால் உள்ளறைக்குப் பரவாயில்லை. விறாந்தைக்கு ஏற்றதன்று.

கடையில் நிற்கும்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. மேற்பலகையின் ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்து, எதிர்மூலையை நோக்கிச் சற்று அழுத்தித் தள்ளுங்கள். நல்ல மேசை முழுவதுமாக நகரும் அல்லது நகராது. மூட்டுச் சரியில்லாத மேசை, கால் தரையில் நிற்க, உடல் மட்டும் ஆடும். அடியில் பார்த்தால் காரணம் தெரியும்: சட்டமும் காலும் சேரும் மூலையில் ஒரு இரும்புத் தகடும் ஒற்றைப் போல்ட்டும் மட்டுமே இருக்கும். கால்கள் தனியாகப் பெட்டியில் வரும் மேசைகள் எல்லாம் அப்படித்தான். ஷேக்கர் மேசையில் சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் சீவி, காலில் வெட்டிய துளைக்குள் இறக்கி, பசையிட்டு, சில வேளைகளில் மர ஆணியும் அடித்திருப்பார்கள். இதனால் வரும் பயனைக் கரையோரத்தில் இருப்பவர்களே நன்கு உணர முடியும். கல்லடியிலும் திருக்கோவிலிலும் உப்புக்காற்றில் இரும்பு ஆணி சில ஆண்டுகளில் துருப்பிடித்து, தேக்கில் கறுப்பு வடுவை உண்டாக்கி, பிடியையும் இழந்துவிடுகிறது. மரத்தை மரம் பிடித்திருக்கும் மூட்டில் துருப்பிடிக்க எதுவும் இல்லை. உலோகம் கட்டாயம் வேண்டிய இடத்தில் பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ கேளுங்கள்.

மேற்பலகை சட்டத்தோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். முழுமரப் பலகையைப் பசையால் சுற்றிவர ஒட்டிவிட்டால், அது பருவத்துக்கேற்ப அசைய இடமின்றி ஒருநாள் வெடிக்கும். சட்டத்தின் உட்புறத்தில் தவாளிப்பு எடுத்து, அதற்குள் நாக்கு நீட்டிய சிறு மரக்கட்டைகளைப் பலகையில் திருகியிருந்தால், செய்தவருக்கு மரத்தைப் பற்றித் தெரிந்திருக்கிறது என்று நம்பி மேற்கொண்டு பேசலாம்.

ஓடாவியாரிடம் சொல்லிச் செய்விப்பது

முதலில் மரம். தேக்கு பருவ மாற்றத்துக்கு அதிகம் அசையாது, கறையானும் எளிதில் தொடாது. எண்ணெய்ப் பசை உள்ள மரமாதலால், மூட்டில் பசையிடுவதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். முதிரை கனமும் கடினமும் மிக்கது; மஞ்சள் கலந்த மினுமினுப்பும் உண்டு. அதன் வலிமையால் காலை வழமையைவிட மெலிதாகச் செய்யலாம் என்பது இந்தப் பாணிக்கு ஒரு வரம். ஆனால் ஓடாவியாரின் உளியையும் பொறுமையையும் அது சோதிக்கும், கூலியும் ஏறும். வீட்டு வளவில் தறித்த மகோகனி இருந்தால் வெளிறை நீக்கிப் பயன்படுத்தலாம். பலா, லாச்சியின் உட்பலகைகளுக்கு நல்லது. முகத்துக்கு வைத்தால் மஞ்சள் நிறம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கபிலமாக மாறும் என்பதை அறிந்து வையுங்கள். பாலை மரம் கனத்திலும் வெடிப்பிலும் இந்தச் சிறுமேசைக்கு ஒவ்வாது. மரத்தை எங்கே வாங்கினாலும் பற்றுச்சீட்டையும், ஊர்விட்டு ஊர் ஏற்றுவதானால் போக்குவரத்து அனுமதிப்பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். காட்டிலிருந்து களவாக வந்த முதிரை மலிவாகக் கிடைக்கும் என்று சொல்பவரிடம் போகாதீர்கள்.

பழைய வீடுகளை உடைக்கும்போது வரும் கூரை வளைகளும் கதவு நிலைகளும் இன்னொரு நல்ல வழி. ஆண்டுகளாக உலர்ந்த அந்த மரம் இனி முறுக்கிக்கொள்ளாது. காலுக்கு வேண்டியது ஒன்றரை அங்குலச் சதுரமே என்பதால், ஆணி அடித்த பகுதிகளைத் தவிர்த்துவிட்டாலும் ஒரு வளையிலிருந்து பல கால்கள் கிடைக்கும்.

அளவைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுச் சோபாவை அளப்பதுதான் தொடக்கம். சோபாக் கையின் உயரத்துக்குச் சமமாக, அல்லது அதிலிருந்து இரண்டு அங்குலம்வரை தாழ்வாக மேசையின் மேற்பரப்பு இருந்தால், இருந்தபடியே கோப்பையை வைக்கலாம். உயர்ந்துவிட்டால் முழங்கை தட்டும். பெரும்பாலும் 22 முதல் 25 அங்குலத்துக்குள் வரும். சாய்மனைக் கதிரையின் அருகே வைப்பதானால் அதைவிடத் தாழ்வாக வேண்டும். மேற்பலகை 18 அங்குலச் சதுரம் போதும். விருந்தினர் வரும்போது வெற்றிலை வட்டாவை அதில் வைக்கும் வழக்கம் உள்ள வீடாயின் 20 அங்குலம் எடுக்கலாம். அதற்கு மேல் போனால் மெலிந்த கால்களோடு பலகை பொருந்தாமல், தலை பெருத்துத் தெரியும். பலகையின் பருமன் முக்கால் அங்குலம். அதன் கீழ் விளிம்பை உட்பக்கமாகச் சரித்துச் சீவச் சொன்னால், பலத்தைக் குறைக்காமலே பலகை மெலிதாகத் தோன்றும். சட்டத்தின் உயரம் நான்கரை முதல் ஐந்து அங்குலம். கால் மேலே ஒன்றரை அங்குலச் சதுரம், தரையில் முக்கால் அங்குலம். முதிரையில் மேலே ஒன்றேகால் அங்குலம் தாராளம்.

இவற்றை வாயால் சொல்லிவிட்டு வராமல் ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். காலின் சரிவு உள்முகங்கள் இரண்டில் மட்டும் என்பதை வரைபடத்தில் நிழலிட்டுக் காட்டுங்கள். நம் ஓடாவிமார் கைப்பழக்கத்தில் பலகை விளிம்புக்கு ஒரு பூவேலையோ, காலடிக்கு ஒரு குமிழோ சேர்த்துவிடுவார்கள். வெறுமையாகக் கொடுத்தால் வேலை குறைத்துவிட்டதாக வாடிக்கையாளர் நினைப்பார் என்ற அவர்களுடைய தயக்கம் நியாயமானதே. ஆகவே அலங்காரம் வேண்டாம் என்பதையும், அந்த நேரத்தை மூட்டிலும் சீவுதலிலும் செலவிடுமாறும், கூலியைக் குறைக்கப்போவதில்லை என்பதையும் முற்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு காலை மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடரச் சொல்வது இரு தரப்புக்கும் நல்லது.

வேலை நடக்கும் மாதமும் முக்கியம். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மரம் சுருங்கி நிற்கும். அப்போது லாச்சியை இறுக்கமாகப் பொருத்தினால் கார்த்திகை, மார்கழியில் திறக்க வராது. வறட்சியில் செய்வதானால் லாச்சியின் மேற்பக்கம் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் செய்வதானால் இடைவெளி வேண்டியதில்லை. கச்சானில் தானாகவே வரும். 18 அங்குலத் தேக்குப் பலகை இரு பருவங்களுக்கும் இடையில் அகலவாட்டில் ஏறக்குறைய ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குவரை அசையக்கூடும். குளிரூட்டிய அறைக்குள் வைக்கும் மேசைக்கு இன்னும் கூடுதலாகக் கணக்கிட வேண்டும்.

மூன்று கால் தாங்கி விரும்புபவர்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் மறுபடியும் யோசிக்க வேண்டும். இரு கால்களுக்கு இடையில் வரும் பலகை விளிம்பில் பாரம் விழுந்தால் அது கவிழும். மூலையில் ஒரு விளக்கு வைக்க மிக அழகானது; அந்த வேலைக்கு மட்டும் செய்வியுங்கள்.

பூச்சும் பராமரிப்பும்

ஷேக்கர்கள் வார்னிஷைக் கண்டபடி பூசவில்லை. எனினும் மேசைகளுக்கும் தாங்கிகளுக்கும் அவர்களுடைய விதிகளே அதை அனுமதித்தன. நம் வீட்டில் சூடான தேநீரும், வியர்க்கும் குளிர்நீர்க் குவளையும், வெற்றிலைச் சுண்ணாம்பும் ஒரே பலகையில் படுவதால், மங்கலான பொலியூரிதேன் பூச்சு இரண்டு மூன்று தடவை மெலிதாக இடுவது நடைமுறைக்கு ஏற்றது. கண்ணாடிபோல மின்னும் பூச்சு இந்த வடிவத்தைக் கெடுத்துவிடும். ஷெல்லாக் பொலிஷ் கைக்கு இதமானது, ஆனால் சூடும் ஈரமும் பட்டால் வெள்ளை வளையம் விழும். நிறம் வேண்டுமானால் மங்கிய காவிச் சிவப்போ ஆழ்ந்த பச்சையோ பூசலாம். பழைய சிவப்புச் சீமெந்துத் தரை உள்ள வீடுகளில் பச்சை எடுப்பாக நிற்கும். மருதமுனைக் கைத்தறித் துணியொன்றை மேலே விரிப்பதில் தவறில்லை, ஆனால் கால்வாசிப் பலகையாவது வெளியே தெரியட்டும்.

பலரும் கவனிக்காமல் விடுவது காலின் அடிமுகம். மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும் அளவுக்கு வேறெந்தப் பக்கமும் உறிஞ்சாது. முக்கால் அங்குலக் கால் தினமும் ஈரத்தரையில் நின்றால் கறுத்து உக்கத் தொடங்கும். மேசையை எடுத்துவருவதற்கு முன்பே அந்த நான்கு அடிமுகங்களுக்கும் பூச்சு நான்கைந்து முறை ஊறும்வரை இடச் சொல்லி, அதன்மேல் சிறிய நைலோன் குமிழ்களை அடியுங்கள்.

லாச்சி இறுகினால் உடனே சீவக் கொடுக்காமல், பக்கப்பலகையின் அடியோரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மழைக்காலம் முடியும்வரை பொறுத்துப் பாருங்கள். கச்சான் மாதங்களில் மேற்பலகையின் இணைப்பில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் அதை மக்கு வைத்து அடைக்க வேண்டாம். மழை வந்ததும் பலகை விரிந்து அந்த மக்கைப் பிதுக்கித் தள்ளும், அல்லது அது வழிவிடாமல் வெடிப்பைப் பெரிதாக்கும். தை மாதத்திலும் அந்த வெடிப்பு மூடாமல் இருந்தால் மட்டுமே ஓடாவியாரைக் கூப்பிடுங்கள்.